பாசிக்கு வைத்த விளக்கு

அத்தியாயம் 5

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி. உள்ளே, வெண்டல் ஓஸ்ட்பியின் வீட்டுக் கீழறையில், வெயில் தேசத்துக் கடல் ஒன்று எட்டடி நீளத்துக்கு நின்றுகொண்டிருந்தது.

"பிணம் எங்கே?" என்றார் மார்லிஸ் ட்வெட், தொப்பியிலிருந்த பனியைத் தட்டியபடி.

"எதிர்ல பாருங்க. கண்ணாடிக்குள்ள" என்றேன்.

மார்லிஸ் இருபத்தாறு வருடம் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். தானாக எரிந்த கொட்டகை எது, எரிய வைத்த கொட்டகை எது என்று சாம்பலை முகர்ந்தே சொல்லிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகு, அமெரிக்காவின் வடகோடியில், டுலூத் ஏரித் துறைமுகத்தில் தூண்டில் கடைக்கு மேலே துப்பறியும் ஆபீஸ் போட்டிருக்கிறார். நான் டார்வின் ஹௌகன், அவருடைய உதவியாள். கார் ஓட்டுவேன், பை தூக்குவேன், ஜோக்கடிப்பேன். மூன்றாவதை அவர் கேட்டதே இல்லை.

அன்றைக்கு எனக்கு நாலாவது வேலை ஒன்றும் இருந்தது. ஒரு விஷயத்தை வாய் திறந்து சொல்லாமல் இருப்பது.

கண்ணாடித் தொட்டியில் கடல் பவளம் வளர்க்கிற நாங்கள் ஊரில் ஒரு சங்கம் வைத்திருக்கிறோம். அந்தப் பவளத்தொட்டி சங்கத்திலிருந்து லூவான் பெல்டியரை நீக்க வேண்டும் என்று ஒரு மனு. வெண்டலின் தொட்டியில் விஷம் கலந்தாள் என்பது குற்றச்சாட்டு. ஏழு கையெழுத்து. மூன்றாவது என்னுடையது. செவ்வாய்க்கிழமை போட்டேன். வியாழக்கிழமை அதே லூவான் எங்கள் ஆபீஸ் படியேறி வந்து, "நான் செய்யலைன்னு நிரூபிச்சுக் குடுங்க" என்று மார்லிஸ் முன்னால் உட்கார்ந்தாள். சனிக்கிழமை மூன்று மணிக்கு ஓட்டெடுப்பு. சங்கத்துக்காரர்களை நம்பித்தான் அவளுடைய பவளக் கடை ஓடுகிறது. நீக்கிவிட்டால் அடுத்த நாள் கதவைச் சாத்த வேண்டியதுதான்.

இப்போது சனிக்கிழமை பதினொன்றரை. மனுவைப் பற்றி மார்லிஸிடம் நான் இன்னும் மூச்சு விடவில்லை. சொல்ல வாய் திறக்கும்போதெல்லாம் ஒரு ஜோக்தான் வெளியே வந்தது.

தொட்டிக்குள் பார்க்கவே முடியவில்லை. பதினொரு வருடம் வளர்த்த பவளங்கள் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்து நின்றன. அவற்றின் மேல் பழுப்புச் சளி நூல் நூலாகத் தொங்கியது, நுனியில் குமிழிகளோடு. ஒரே ஒரு மஞ்சள் மீன் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் போய் வந்தது.

"காபி?" என்றார் வெண்டல். தாதுக் கப்பல் துறையில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆள் கதவு உயரம். எங்கள் சங்கத்தின் தலைவரும் அவர்தான்.

"வேண்டாம், சிரமம் எதுக்கு" என்றார் மார்லிஸ்.

"போட்டு வச்சாச்சு."

"பரவாயில்லை."

"வீணாத்தான் போகும்."

"சரி, பாதிக் கப்."

முழுக் கப் வந்தது. கூடவே எலுமிச்சை கேக்கும் வந்தது. மனு என் சட்டைப்பையில் இல்லாவிட்டாலும் நெஞ்சில் குத்தியது.

"லூவான் என்ன செஞ்சாங்கன்னு நினைக்கிறீங்க?" என்றார் மார்லிஸ்.

"நினைக்கலை, தெரியும். நவம்பர்ல ரெண்டு வாரம் அரிசோனா போயிருந்தேன், மகளைப் பார்க்க. சாவியை லூகிட்ட குடுத்துட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தா, என்னைக் கேட்காம விளக்கோட நேரத்தை மாத்தி வச்சிருக்கா! விளக்கைத் தொட்ட கை வேற எதைத் தொடலைன்னு என்ன நிச்சயம்? ஒரு மாசத்துல எல்லாம் வெளுக்க ஆரம்பிச்சிடுச்சு."

"எந்த விளக்கு?"

வெண்டல் தொட்டிக்குக் கீழே இருந்த மரக்கதவைத் திறந்தார். ஊதா வெளிச்சம் எங்கள் முழங்கால் வரை பாய்ந்தது.

மார்லிஸுக்கு மீன் என்றால் வறுத்தது மட்டும்தான் தெரியும். ஆகவே விளக்கினேன். "இது கீழ்த்தொட்டி. மேல இருக்கிற தண்ணி இறங்கி இதுக்குள்ள வந்துட்டுத்தான் மறுபடி மேல போகும். இந்த ஒரு தடுப்பு மட்டும் பாசிக்கு. மீனோட கழிவு தண்ணில உரமாச் சேரும். பாசி அதைத் தின்னு வளரும். தண்ணி சுத்தமாகும். பாசி வளர வெளிச்சம் வேணும், அதுக்குத்தான் விளக்கு."

"மாடி வீட்டுக் குப்பையைக் கீழ் வீட்டுக்காரன் சாப்பிடுறான்."

"அதேதான். சாதாரண வெள்ளை விளக்குன்னா சோம்பேறித்தனமா வளரும். இது சிவப்பும் நீலமும் கலந்த எல்.ஈ.டி. கண்ணாடி வீட்டுத் தோட்டத்துல தக்காளிக்குப் போடுறது. நூத்தைம்பது வாட்! ஈரம் உள்ள போகாது. சூடு ஏறாது. மூணு மாசம் ஆராய்ச்சி பண்ணி..."

"யாரு ஆராய்ச்சி பண்ணினது?"

"நான்தான்" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி. "அக்டோபர்ல வெண்டலுக்காக நான் தேர்ந்தெடுத்தது."

வெண்டல் தலையாட்டினார். "இவன்தான். நல்ல பையன்."

மார்லிஸ் குனிந்து பார்த்தார். "தக்காளிக்குன்னா எவ்வளவு பெரிய தோட்டத்துக்கு?"

"ரெண்டு கட்டில் அளவுக்கு."

"இந்தப் பாசித் தடுப்பு?"

"ரெண்டு ஷூ பெட்டி இருக்கும்."

"ம்" என்றார் மார்லிஸ். "வித்தியாசமாத்தான் இருக்கு."

எங்கள் பக்கத்தில் இதைவிடக் கடுமையான வார்த்தை கிடையாது. ஒருவர் வீடு எரிந்து விழுந்தாலும் அதைத்தான் சொல்வோம். 

*

விளக்கின் நேரக்கட்டுப்பாட்டுப் பெட்டியில் காகித டேப் ஒட்டியிருந்தது. என் கையெழுத்தில்: 'இருபது மணி நேரம். தொடாதே. டா.ஹௌ.' அதன் மேலே வேறொரு டேப்பைப் பிய்த்த தடம்.

"பிய்ச்சது எங்கே?" என்றார் மார்லிஸ்.

வெண்டல் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பை எடுத்தார். சாட்சியமாம். உள்ளே கசங்கிய டேப். 'ஆறு மணி நேரம் போதும். வந்ததும் காரணம் சொல்றேன். லூ.'

"சொன்னாங்களா?"

"சொல்ல வந்தா." வெண்டல் தரையைப் பார்த்தார். "எனக்கு வேலையிருக்குன்னு சொல்லிட்டேன்."

"வேலை இருந்துச்சா?"

"இல்லை."

 மார்லிஸ் சுவரில் தொங்கிய காலண்டர் பக்கம் திரும்பினார். பழையதும் புதியதுமாக இரண்டு, ஒன்றின் மேல் ஒன்று. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வெண்டல் தண்ணீரைச் சோதித்து, உரம் எவ்வளவு என்று கட்டத்துக்குள் எழுதியிருந்தார். அக்டோபரில் இருபது, பதினான்கு, எட்டு. நவம்பரில் இரண்டு வாரம் பச்சை மையில் ஐந்து, ஐந்து. டிசம்பரில் சுழியம், சுழியம், சுழியம். சுழியங்களுக்குள் கண்ணும் வாயும் வரைந்து சிரிக்க வைத்திருந்தது.

"பச்சை மை லூவானா?"

"ஆமா."

"சிரிக்கிற மூஞ்சி?"

"முதலாவது டார்வின் வரைஞ்சான். அன்னிக்கு ரெண்டு பேரும் கைகுலுக்கிக்கிட்டோம். மத்ததெல்லாம் நான்."

"சுழியம்னா நல்லதுதானே?" என்று மார்லிஸ் என்னிடம் கேட்டார்.

"அதுதானே ஆசையே! சுத்தத்துலயே சுத்தம்..."

வாக்கியத்தைப் பாதியில் விட்டேன். உள்ளே ஏதோ ஒன்று, மாடிப்படியில் ஒரு படி குறைவதுபோல், காலுக்கு அகப்படாமல் போயிற்று.

மார்லிஸ் காபிக் கப்பைக் கீழே வைத்துவிட்டு, பின்பலகை இல்லாத விளக்குப் பெட்டியிலிருந்து ஊதா வெளிச்சம் விழுந்த கீழறையின் சின்ன ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். "எதிர் வீட்டுப் படுக்கையறை ஜன்னல்ல அலுமினியத் தாள் ஒட்டியிருக்கு. அது யார் வீடு?"

*

எதிர் வீடு டெல்மர் ப்ரூக்ஸின் வீடு. ரொட்டிக்கடைக்காரர். விடிய மூன்று மணி இருக்கும்போது மாவு பிசையப் போகிறவர், சாயங்காலம் ஏழுக்கே படுத்துவிடுவார். கதவைத் திறந்தவரின் கண்ணுக்குக் கீழே இரண்டு பைகள் தொங்கின.

"அலுமினியத் தாள் எதுக்கு?" என்றார் மார்லிஸ்.

"ஒண்ணுமில்லை. சும்மா."

"சும்மாவா?"

"கொஞ்சம் வெளிச்சம் வரும். பெரிசா ஒண்ணும் இல்லை."

"ஊதாவா?"

டெல்மர் வாசலில் சாய்ந்தார். அணை உடைந்தது. "அக்டோபர்லேர்ந்து என் படுக்கையறைச் சுவர்ல ராவு பூரா திருவிழா! கண்ணை மூடினாலும் ஊதா. சரி, கஞ்சாதான் வளர்க்கிறான்போலன்னு இருந்தேன். இப்பத்தான் சட்டமே விட்டாச்சே, அவன் வீடு, அவன் இஷ்டம்."

"வெண்டல்கிட்ட சொன்னீங்களா?"

"எப்படிங்க சொல்றது? பக்கத்து ஆளு. ஜாடையாச் சொன்னேன். கிறிஸ்துமஸுக்குக் கெட்டித் திரைச்சீலை வாங்கிக் குடுத்தேன்."

"என்ன செஞ்சாரு?"

"நாய்க்குப் போர்த்தியிருக்கான்."

நான் சிரித்துவிட்டேன். மார்லிஸ் சிரிக்கவில்லை. "அக்டோபர்லேர்ந்து ஒரு நாள்கூட நல்ல தூக்கம் இல்லையா?"

"இடையில ரெண்டு வாரம் தூங்கினேன். நவம்பர்ல. ஏழு மணிக்கெல்லாம் வெளிச்சம் நின்னுடும். சரி, நம்ம கஷ்டம் புரிஞ்சிடுச்சுபோலன்னு நினைச்சேன். அப்புறம் மறுபடி திருவிழா." டெல்மர் பெருமூச்சு விட்டார். "அந்த ரெண்டு வாரம் யார் அந்த வீட்டுல இருந்தாங்களோ, அவங்க நல்லா இருக்கணும்."

மார்லிஸ் நன்றி சொல்லிவிட்டுப் படி இறங்கினார். நான் பின்னாலேயே இறங்கினேன். குளிரில் மூக்குமுடி உறைந்தது. இன்னொரு ஜோக் தேடினேன், அகப்படவில்லை.

"டார்வின், அந்தப் பாசியை இன்னொரு தடவை பார்க்கணும்."

"எதுக்கு?"

"சாட்சி சொல்லும்னு தோணுது."

*

கீழறைக்கு மறுபடி போனோம். வெண்டல் மேலே பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார், கூட்டத்துக்குப் புறப்பட.

"பாசி என்ன நிறத்துல இருக்கணும்?" என்றார் மார்லிஸ்.

"கரும்பச்சை. மொறமொறன்னு, பாத்திரம் தேய்க்கிற நார் மாதிரி."

"எடு."

கையை விட்டு எடுத்தேன். வெந்த நூடுல்ஸ் மாதிரி வெளுத்துப்போய், விரல் பட்டதும் குழைந்து, விரலிடுக்கில் வழிந்து போயிற்று. இரண்டு ஷூ பெட்டி அளவு இருந்த பாசியில் ஒரு பிடிகூட மிச்சமில்லை. தொண்ணூறு நாளாக நான் போட்ட விளக்கு அந்தக் கூழின் மேல் ஜொலித்துக்கொண்டிருந்தது.

"எங்க வீட்டுப் பூனை ஒரு வருஷம் கொட்டகையில இருந்த எலியை எல்லாம் தின்னுச்சு" என்றார் மார்லிஸ். "நாங்க கைதட்டினோம். எலி தீர்ந்ததும் பூனை இளைக்க ஆரம்பிச்சுது. அதே எலியை நம்பித்தான் ஒரு ஆந்தையும் இருந்துச்சு, அது எங்களுக்குத் தெரியாது. ஒருநாள் அதுவும் கீழ விழுந்து கிடந்துச்சு." அவர் மேல்தொட்டியைப் பார்த்தார். "பவளம் என்ன சாப்பிடும், டார்வின்?"

எனக்குத் தெரியும். எந்தப் பவளத்தொட்டிக்காரனுக்கும் தெரியும். அதே உரத்தில் துளி. துளியாவது வேண்டும். துளியும் இல்லாமல் போனால் பவளம் வெளுக்கும், அந்த வெற்றிடத்தில் பழுப்புச் சளி வந்து குந்தும். ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் பெரிய விளக்கு, பெரிய சுழியம், பெரிய கைகுலுக்கல் என்று வந்தபோது எனக்கே நான் சொல்லவில்லை.

"யாரும் விஷம் போடலை" என்றேன்.  "பட்டினி. எல்லாம் பட்டினில செத்துருக்கு."

"அந்த ரெண்டு வாரம்?"

"லூ விளக்கைக் குறைச்சிருக்கா. அதனாலதான் அஞ்சுல நின்னுருக்கு. அவ தொட்டது ஒண்ணுதான் இந்தத் தொட்டியைக் காப்பாத்தியிருக்கு. அதையே குற்றம்னு..."

"யாரு குற்றம்னு சொன்னது?"

மார்லிஸ் அதைச் சாதாரணமாகத்தான் கேட்டார். நான் பாசிக்கூழைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

*

சங்கக் கூட்டம் நடக்கும் தேவாலயத்துக்குக் கார் ஓட்டும்போது சொன்னேன். ஏரிக்கரைச் சாலையில், சிவப்பு விளக்கு ஒன்றில், மார்லிஸைப் பார்க்காமல்.

"அந்த மனுவில நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"மூணாவது" என்றார் மார்லிஸ்.

பச்சை விழுந்தது. பின்னால் இருந்த லாரி ஹாரன் அடிக்கவில்லை, எங்கள் ஊரில் அடிக்க மாட்டார்கள். பொறுமையாக நின்றது.

"எப்பத் தெரியும்?"

"வியாழக்கிழமையே. லூவான் மனுவோட நகலைக் காட்டினாங்க. நீ அப்ப காபி போடப் போயிருந்தே."

"ஏன் என்னைக் கேட்கலை?"

"கொட்டகையைக் கொளுத்தினவன்கிட்ட நெருப்பைப் பத்திக் கேட்கக் கூடாது. பொய் சொல்லிப் பழகிடுவான். மழை எப்படி, வைக்கோல் எப்படின்னு பேசிக்கிட்டே இருக்கணும். அவனா நெருப்புக்கு வருவான்." கையுறையைக் கழற்றினார். "ரெண்டு நாள் எடுத்துக்கிட்டே. மோசமில்லை."

"மார்லிஸ், நான் கொளுத்தலை. நல்லது நினைச்சுத்தான்..."

"தெரியும். அவ மேல பழி வந்தப்ப, கையெழுத்துப் போட்டப்ப, என்ன நினைச்சே?"

பதில் இருந்தது. என் விளக்கைக் குறைத்தாளே என்ற கோபம். 'தொடாதே' என்று எழுதியிருந்தேனே, அதன் மேலேயே டேப் ஒட்டினாளே என்ற கோபம். அவ்வளவுதான். அதற்காக ஒருத்தியின் பிழைப்பின் மேல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சொன்னேன். மார்லிஸ் ஏரியைப் பார்த்துக்கொண்டு வந்தார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

*

தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடம். மடக்கு மேசைகளில் சின்னச் சின்னத் தொட்டிகள், நீல விளக்குகள், வெட்டி எடுத்து வந்த பவளத் துண்டுகள். கோட்டுக்குள்ளிருந்து பிளாஸ்டிக் பைகளை ஆட்கள் குழந்தையை எடுப்பதுபோல் எடுத்து வைத்தார்கள். கார் நிறுத்தத்திலிருந்து கதவு வரை வரும் நாற்பது அடிக்குள் பவளம் விறைத்துவிடும், உடம்புச் சூட்டில்தான் கொண்டு வர வேண்டும். மூலையில் எல்லாருக்குமான சாப்பாடு, பாலாடைக்கட்டி போட்டுச் சுட்ட உருளைக்கிழங்கு கேசரோல், ஆவி விட்டது.

லூவான் கடைசி வரிசையில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் நாற்காலி காலி.

மூன்று மணி. வெண்டல் மனுவை எடுத்துக் கண்ணாடி மாட்டினார். நான் எழுந்தேன்.

"வெண்டல், படிக்கிறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும்."

வழக்கமாக நான் எழுந்தாலே நாலு பேர் சிரிப்பார்கள். அன்றைக்கும் சிரிக்கத் தயாரானார்கள். சொன்னேன். தக்காளி விளக்கு, இருபது மணி நேரம், சுழியத்துக்குள் நான் வரைந்த வாய், வெளுத்த பாசி, டெல்மரின் இரண்டு வாரத் தூக்கம். "லூ விஷம் போடலை. உங்க தொட்டியைப் பட்டினி போட்டது என் விளக்கு. மனுவில மூணாவது கையெழுத்து என்னோடது. அதை முதல்ல அடிச்சுடுங்க."

 வெண்டல் மனுவையே பார்த்துக்கொண்டிருந்தார். கிரேனில் முப்பது வருடம் உட்கார்ந்த மனிதர், எதையும் மெதுவாகத்தான் இறக்கி வைப்பார்.

"அவ காரணம் சொல்றேன்னு எழுதியிருந்தா" என்றார் கடைசியில். "எனக்கு வேலையிருக்குன்னு சொன்னேன்." மனுவை இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார், சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "ஓட்டெடுப்பு கிடையாது. சாப்பிடுங்க."

லூவான் எழுந்து வந்தாள். கோட்டைத் திறந்தாள். நெஞ்சோடு அணைத்திருந்த பைக்குள் ஒரு பச்சைப் பவளத் துண்டு, கட்டைவிரல் அளவு, நுனி ஊதா.

"ஏழு வருஷம் முன்னாடி நீங்க வெட்டிக் குடுத்தது" என்றாள் வெண்டலிடம். "என்கிட்ட நல்லா வந்திருக்கு. உங்க துண்டு உங்களுக்கு."

யார் யாருக்குக் கொடுத்தாலும் இதற்காகத்தான் கொடுக்கிறோம். ஒருவர் தொட்டி போனால் இன்னொருவர் தொட்டியில் அது இருக்க வேண்டும். நீக்கப்படுவதற்காக வந்த கூட்டத்துக்கும் அவள் அதை எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். வெண்டல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

நான் லூவானின் பக்கத்தில் போய் நின்றேன். "உனக்கு எப்பத் தெரியும்?"

"நவம்பர்லயே. டேப்புல உன் கையெழுத்துதானே."

"மனுவிலயும் என் கையெழுத்தைப் பார்த்தே."

"பார்த்தேன்."

"எல்லாம் தெரிஞ்சிருந்தும் எதுக்கு எங்க ஆபீஸுக்கு வந்தே? துப்பறிய என்ன இருந்துச்சு?"

"துப்பறிய ஆள் வேணும்னு நான் வரலை, டார்வின். நீ போய் அந்தத் தொட்டியைப் பார்க்கணும்னு வந்தேன்." அவள் குரல் உயரவே இல்லை. "நானே சொல்லியிருந்தா ஜோக்கடிச்சிருப்பே."

 மன்னிப்புக் கேட்டேன். "சரி சரி, விடு" என்றாள், எங்கள் ஊர் வழக்கப்படி, விட்டாளா இல்லையா என்று தெரியாதபடி.

வெண்டல் பையோடு எங்களிடம் வந்தார். "என் தொட்டி தேற நாலஞ்சு மாசம் ஆகும். அதுவரைக்கும் இதை எங்கேயாவது வைக்கணும்."

"லூகிட்டயே இருக்கட்டும்" என்றேன்.

"அவகிட்ட இதை வெட்டி எடுத்த தாய்த்துண்டு இருக்கு. எல்லாத்தையும் ஒரே இடத்துல வைக்கக் கூடாது." பையை என் கையில் வைத்தார். "நீ வச்சுக்க. உன் தொட்டில வை."

லூவானைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன், சொல்ல வேண்டும் என்றுகூட ஆசைப்பட்டேன். அவள் என் கோட்டின் மேல் பொத்தானைத் திறந்துவிட்டு, "சீக்கிரம் உள்ள வை, குளிருது அதுக்கு" என்றாள்.

வெளியே வந்து கார் வரை நாற்பது அடி நடந்தேன். சட்டையோடு ஒட்டி அந்தத் தண்ணீர் வெதுவெதுப்பாகக் கனத்தது. மார்லிஸ் சாவியை என் கையிலிருந்து வாங்கி, முதல் தடவையாக, ஓட்டுநர் இருக்கையில் தானே உட்கார்ந்தார்.

"என்ன, ஜோக் ஒண்ணும் இல்லையா?"

ஒன்று இருந்தது, நல்ல ஜோக்தான். கோட்டைக் கழுத்து வரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "மெதுவா ஓட்டுங்க" என்றேன்.